நிரல்மொழி கற்க நூலா, இணையமா?



ஏலக்காய் ஏலமே கணினித் திரைக்கு வந்துவிட்ட ஊர் எங்கள் போடிநாயக்கனூர். பைத்தான் நிரல்மொழியைக் கற்க விரும்பும் பிள்ளைகள் நம் குடும்பங்களிலும் பெருகியுள்ளனர். பயிற்சிக் கட்டணத்திற்காக நகையை வட்டிக்கு அடகு வைக்கும் பெற்றோரையும் காண்கிறோம். அதனாலேயே இதை எழுதுகிறோம்.

இலவசமாகக் கிடைப்பவை ஏராளம். சென்னைக் கணிதவியல் நிறுவனப் பேராசிரியர் மாதவன் முகுந்த் என்பிடெல் வழியாக நடத்தியுள்ள பைத்தான் பாடத்தை எவரும் கட்டணமின்றிக் கற்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம் உண்டு. 2012 முதல் வெளிவரும் கணியம் மின்னிதழ் எளிய தமிழில் நுட்ப நூல்களை இலவச மின்னூல்களாகத் தருகிறது.

ஆயினும் எங்கள் பிள்ளைகளிடம் ஒன்றைக் கண்டோம். ஒரு காணொளியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகின்றனர். எங்குச் சென்றாலும் முதல் பாடத்தையே மீண்டும் கற்கின்றனர். மலைத்தோட்டத்தில் தங்கும் உறவினர் வீட்டிலோ, சிக்னல் விட்டுவிட்டு வருவதால் காணொளி பாதியில் நின்றுவிடுகிறது.

நூல் வரிசை தருகிறது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி தமது அல்ஜப்ரா நூலில் முதலில் விதிகளை விளக்கினார். பின்னர் வாரிசுப் பங்கீட்டுக் கணக்குகள் வரை அவற்றைச் செய்து காட்டினார். நல்ல நிரல் நூலும் அவ்வாறே, மாறி, நிபந்தனை, சுழற்சி என்று படிப்படியாகச் சென்று, ஒவ்வோர் இயலின் முடிவிலும் பயிற்சி தருகிறது. ஆனால் பழைய நூல்களில் கவனம் தேவை. பைத்தான் 2க்கான ஆதரவு 2020இல் முடிந்துவிட்டது. அதற்காக எழுதப்பட்ட நூலில் உள்ள பிரிண்ட் கட்டளை, அடைப்புக்குறி இல்லாமையால் இன்றைய பைத்தானில் பிழை காட்டும்.

ஆகவே நாங்கள் இரண்டையும் இணைத்தோம். ஆலன் டவுனியின் 'திங்க் பைத்தான்' நூலை அவரே இணையத்தில் இலவசமாக வழங்கியுள்ளார். பைத்தானின் அதிகாரபூர்வ வழிகாட்டியையும் ஒருமுறை பதிவிறக்கிக்கொண்டால், பின்னர் இணையம் வேண்டியதில்லை. அரசு வழங்கிய பழைய மடிக்கணினியே போதுமானதாயிற்று. ஒரே நூலைப் பற்றிச் செல்வது, ஐயம் எழும்போது மட்டும் இணையத்தை நாடுவது, தெளிந்ததும் விட்ட பக்கத்திற்கே திரும்புவது என்பதே நாங்கள் வகுத்த முறை.

ஏலச் சரத்தில் காய்கள் ஒருசேர முற்றுவதில்லை. சுற்றுச் சுற்றாகவே பறிக்கின்றனர். கடினமான இயலும் இரண்டாம், மூன்றாம் வாசிப்பில்தான் கைவரும்.

பெற்றோர்களே, ஃபஜ்ருக்குப் பின் ஒரு மணி நேர அமைதியைப் பிள்ளைகளுக்கு அளியுங்கள். மகனுக்கு மட்டுமன்று, மகளுக்கும். பயனுள்ள கல்வியை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக.