மின்னல் குறியை மறைத்தவன் நான்

பெரியப்பாவின் ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போகவில்லை. கெட்டுவிட்டது என்று நான் சொன்னது பொய். அதை நம்பி அவர் புது டிஸ்க் வாங்கினார். பழையதை விற்ற கடைக்காரரிடம் போய்ச் சண்டையும் போட்டார். இரண்டுக்கும் நான்தான் காரணம்.

ரேடியோவிலிருந்து கேசட்டில் பிடித்த கச்சேரிகளையெல்லாம் அவர் கணினி வழியாக அந்த ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றி வைத்திருந்தார். டிஸ்க்கை மாட்டி அவற்றைக் கேட்க, ராஸ்பெர்ரி பை 3 என்ற சின்னக் கணினிப் பலகையில் ஒரு மியூசிக் பிளேயர் செய்து கொடுத்தேன். ஒலிக்கான டிஏசி பலகை, சின்னத் திரை எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கினேன். மின்சாரத்துக்கு மட்டும் வீட்டில் சும்மா கிடந்த போன் சார்ஜரையும் ஒரு மெல்லிய கேபிளையும் மாட்டிவிட்டேன்.

முதல் நாளே திரையின் வலது மேல் மூலையில் மஞ்சள் மின்னல் குறி வந்தது. பலகைக்கு வரும் மின்னழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் வரும் குறி அது. பலகையின் சிவப்பு விளக்கும் அப்போது அணைந்துவிடும். சார்ஜரைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தேன். 5 வோல்ட் காட்டியது. சப்ளை சரி, குறிதான் தப்பு என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். லோடு இல்லாமல் அளந்தால் எந்தச் சார்ஜரும் யோக்கியன்தான். எலெக்ட்ரானிக்ஸ் படித்த எனக்கு இது தெரியாததல்ல.

பாட்டு ஓடி, டிஸ்க் சுழலும்போது பலகையின் 5 வோல்ட் பின்னிலேயே அளந்திருக்க வேண்டும். மலிவான கேபிள்கள் பலவற்றில் உள்ளே இருப்பது 28 கேஜ் கம்பி. அதன் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். ஒரு மீட்டர் கேபிளில் மின்சாரம் போக ஒரு கம்பி, திரும்ப ஒரு கம்பி. 1 ஆம்பியர் இழுத்தாலே வழியில் 0.4 வோல்ட்டுக்கு மேல் தொலைந்துபோகும். 5 வோல்ட்டில் அதைக் கழித்தால் மிச்சம் 4.6கூட இல்லை. பிறகு குறி வராமல் என்ன செய்யும்? இந்தப் பலகைக்கென்றே விற்கும் அடாப்டர் 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர்.

பெரியப்பா போனில் கேட்டார்: "தம்பி, ஓரத்துல மின்னல் மாதிரி ஏதோ வந்து வந்து போகுதுப்பா. ஏதாச்சும் கோளாறா?"

"அது சும்மா பெரியப்பா, எடுத்துடறேன்" என்றேன். அந்த எச்சரிக்கையைக் காட்டாமல் இருக்க, அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும். சேர்த்தேன். குறி போனதும், தம்பி கை வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் மறுக்கவில்லை.

பிறகு பாட்டு நடுவில் நிற்க ஆரம்பித்தது. டிஸ்க் காணாமல் போவதும் வருவதுமாக இருந்தது. கடைசியில் ஃபோல்டர்களே திறக்கவில்லை. போய்ப் பார்த்தேன். ஒரு கட்டளை கொடுத்தால் பலகை தன் நிலையைத் தானே சொல்லும். 0எக்ஸ்50005 என்று சொன்னது: இப்போதும் வோல்ட் குறைவு, முன்பும் குறைந்திருக்கிறது, அதனால் வேகத்தையும் குறைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். எனக்கு உடனே புரிந்தது. பக்கத்தில் நின்றவரிடம், "டிஸ்க் போயிடுச்சு பெரியப்பா" என்றேன்.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்து என் கணினியில் சோதித்தேன். டிஸ்க்கில் ஒரு பழுதும் இல்லை. கோப்பு அட்டவணைதான் குலைந்திருந்தது. பெரும்பாலான பாடல்கள் மீண்டன. சில கச்சேரிகள் மீளவில்லை. அவற்றின் கேசட்டுகளை அவர் ஏற்கெனவே தூக்கிப் போட்டிருந்தார். சத்தமில்லாமல் சரியான அடாப்டர் வாங்கி மாட்டினேன். அதன்பின் கோளாறே வரவில்லை. அதற்கும் பாராட்டு எனக்கே கிடைத்தது.

சார்ஜர் விஷயத்தில் நடந்தது அலட்சியம். மற்றதெல்லாம் தெரிந்தே செய்தது. கெட்டிக்காரன் என்ற பேர் போய்விடுமே என்ற பயம், அவ்வளவுதான். பெரியப்பாவிடம் உண்மையைச் சொல்வதும், டிஸ்க் பணத்தைத் தருவதும், கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்பதும் இன்னும் பாக்கி.

உங்கள் பிளேயரில் அந்தக் குறி வந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், பிறகு அடாப்டரை. பாட்டு ஓடும்போது அளந்து பாருங்கள். ஹார்ட் டிஸ்க் இருந்தால் தனி மின்சாரம் உள்ள ஹப்பில் மாட்டுங்கள். எச்சரிக்கையை மறைக்கும் அந்த வரியை மட்டும் சேர்க்காதீர்கள்.