குடையா... துப்பாக்கியா?

உங்க க்ளாஸ்லயும் இப்படி ஒரு மினி ப்ராஜெக்ட் நடந்திருக்கும். கேமரா முன்னாடி வர்ற ஆள் கையில என்ன இருக்குன்னு ஏஐ கண்டுபிடிக்கணும். ராப்பகலா உட்கார்ந்து ரெடி பண்ணினோம். டெமோ அன்னிக்குச் செம மழை. நண்பன் மடக்கின குடையோட உள்ளே நுழைஞ்சான். ஸ்க்ரீன்ல சிவப்புக் கட்டம்... ‘துப்பாக்கி, 91 சதவிகிதம்!’

மொத்த லேபும் சிரிச்சது. லேப் அசிஸ்டென்ட் அண்ணன் மட்டும் சிரிக்கலை. ‘‘இதையே பார்டர்ல நிஜத் துப்பாக்கியோட கனெக்ட் பண்ணியிருந்தா, தப்பு யார் மேல தம்பி?’’ன்னார்.

எனக்குப் பதில் தெரியலை. தேடிப் பார்த்தா, சட்டத்துக்கே முழுசா தெரியலை பாஸ்!

சண்டை போடுறவங்களையும் சாதாரண ஜனங்களையும் பிரிச்சுப் பார்த்துதான் தாக்கணும்ங்கிறது போர்ச் சட்டம். அந்தச் சட்டம் மனுஷங்களை நம்பி எழுதினது. மெஷின் தப்பு பண்ணினா, உத்தரவு போட்ட ஆபீஸர் பொறுப்பா, வித்த கம்பெனியா, கோடு எழுதின நாமளா? அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2023-ல புதுப்பிச்ச விதி, தாக்குதல் முடிவுல ‘தகுந்த அளவு’ மனிதத் தீர்மானம் இருக்கணும்னு சொல்லுது. எது தகுந்த அளவு? சிக்கலே அங்கதான்!

அதே வருஷம் டிசம்பர்ல, தானியங்கி ஆயுதங்கள் பத்தி நாடுகளோட கருத்தைத் திரட்டணும்னு ஐ.நா. பொதுச் சபையில தீர்மானம். ஆதரவு 152, எதிர்ப்பு 4. அந்த நாலுல இந்தியாவும் ஒண்ணு. இதைப் பேச ஏற்கெனவே ஜெனீவாவுல இடம் இருக்கேங்கிறது நம்ம தரப்பு வாதம்.

‘கம்பெனிங்க பார்த்துக்கும்’னு விட்டுடலாமா? ட்ரோன் வீடியோவை அலசுற பென்டகனோட ‘மேவன்’ திட்டத்தை எதிர்த்து, 2018-ல கூகுள் ஊழியர்கள் ஆயிரக்கணக்குல கையெழுத்துப் போட்டாங்க. கம்பெனி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலை. ஆயுதத்துக்கு ஏஐ செய்ய மாட்டோம்னு வாக்கும் கொடுத்தது. 2025 பிப்ரவரியில அந்த வாக்கையே கொள்கையிலிருந்து தூக்கிடுச்சு. கம்பெனி வாக்கு அவ்வளவுதான். அதனாலதான் சட்டம் வேணும்.

நாட்டுப் பாதுகாப்பு வேண்டாம்னு சொல்லலை. எல்லையில நிக்கிற ஜவான் உயிரை ஏஐ காப்பாத்தினா எனக்கும் சந்தோஷம்தான். ஆனா, ‘சுடு’ன்னு சொன்னது யாருன்னு கேட்டா, ஒரு மனுஷனோட பேர் வரணும்.

கேம்பஸ் இன்டர்வியூ கடைசியில ‘ஏதாவது கேட்கணுமா?’ம்பாங்க. சம்பளத்தோட சேர்த்து, ‘நான் எழுதுற கோடு எங்கே போகும் சார்?’னும் கேளுங்களேன்!

நண்பன் இப்பவும் அதே குடையோடதான் வர்றான். எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் பக்குனு இருக்கு.