மாமி அழித்த புள்ளி

மயிலாப்பூருக்குக் குடிவந்து மூன்று வாரம். டிஜிட்டல் டெஸ்க்கில் நைட் ஷிஃப்ட். விடியற்காலை 5 மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினால், எதிர்வீட்டு மாமி ஏற இறங்கப் பார்ப்பார். பேச்சே கிடையாது. வீட்டு ஓனரிடம் என்னைப் பற்றி விசாரித்தாராம். பேசாமல் வேறு வீடு பார்க்கலாமா என்றுகூடத் தோன்றியது.

கோலம் எனக்குச் சின்ன வயதுப் பைத்தியம். மார்கழி முதல் நாள் கை சும்மா இருக்கவில்லை. வந்து இறங்கியதுமே வாசல் தெளித்துப் புள்ளி வைத்தேன். மாமி தெருவைத் தாண்டி வந்தார். போச்சு!

“இடுக்குப் புள்ளின்னா ரெண்டு புள்ளிக்கு நடுவுலன்னா அடுத்த வரிசை விழணும்? 9, 8, 7, 6, 5. நீ நேரா வெச்சிருக்கியேம்மா!”

குனிந்து, இரண்டாவது வரிசையை அவரே அழித்தார். கோலமாவு டப்பாவுக்குக் கை நீட்டினார்.

“ஜனவரியில வடக்கு மாட வீதியில கோலப்போட்டி. அன்னிக்கு உனக்கு லீவு கிடைக்குமா?”