வன்கூவரின் இரவல் ட்ராம்

கனடாவின் வன்கூவர் நகரிலே கிரான்வில் தீவுச் சந்தை பேர்போனது. 2010 குளிர்கால ஒலிம்பிக்கை ஒட்டி, அங்கிருந்து ஒலிம்பிக் கிராம ரயில் நிலையம் வரை 1.8 கிலோமீற்றருக்கு ட்ராம் ஓடிற்று. பழைய சரக்கு ரயில் பாதையைச் செப்பனிட்டு, பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரிடம் இரண்டு வண்டிகளை இரவல் வாங்கியிருந்தார்கள். தாழ்ந்த தளம். சந்தைப் பையோடு வரும் பெண்ணும், சக்கர நாற்காலியில் வருபவரும் சிரமமின்றி ஏறலாம். கட்டணமும் இல்லை. 60 நாளில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட பயணங்கள், பாருங்கள்!

மார்ச் 21 உடன் சேவை நின்றது. வண்டிகள் ஊர் திரும்பின. நிரந்தரமாக்கப் பணம் ஒதுக்கப்படவில்லை. இலவசம், விழாக் கூட்டம், அதனால்தான் அத்தனை சனம் என்பார்கள். இருக்கட்டும். காசு வாங்கிக்கொண்டு ஒரு வருடமாவது ஓட்டிப் பார்த்திருக்கலாமே. பாதைதான் ஏற்கெனவே செப்பனிட்டுக் கிடந்ததே.