அடுக்களைக்கு ஓர் அணி

மைசூர் லட்சுமிபுரத்தில் நாங்கள் வாழ்வது பழைய ஓட்டு வீடு. 1865ஆம் ஆண்டில் பாசல் மிஷனார் மங்களூரில் தொடங்கிய தொழிலின் வழிவந்த ஓடுகளே அதன் கூரை. அவ்வீட்டின் அடுக்களையைப் புதுப்பிக்க முற்பட்டபோது தளம், மேடை, அலமாரி யாவும் ஒரு வாரத்தில் முடிவாயின. அடுப்பின் மேல் அமையவேண்டிய புகைபோக்கி மட்டும் எங்கள் இல்லத்தை மூன்று திங்கள் வரை கட்சிகளாகப் பிரித்துவிட்டது. சிறு பொருளுக்கு இத்துணை வாதமா என்று அன்பர்கள் நகைக்கலாம். வாதம் பொருளைப் பற்றியதன்று என்பதை நாங்களே பிறகுதான் உணர்ந்தோம்.

கடைக்குச் சென்றோம். கூம்பு வடிவில் ஒன்று, வளைந்த கண்ணாடி விளிம்புடன் ஒன்று, சாய்ந்த கறுப்புப் பலகை போல் ஒன்று என வரிசையாகத் தொங்கின. மகன் கண்ணாடியை விரும்பினான். மகளோ, மைசூருக்குப் புகழ் சேர்த்த ஈட்டிமர இழைப்பு வேலையால் கூடு செய்து, இயந்திரத்தை அதனுள் மறைக்க வேண்டும் என்றாள். நாங்கள் இருவரும் விலையைப் பார்த்து வாய்மூடி நின்றோம். உடன் வந்திருந்த அன்னையார் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதைக் கழுவப்போவது யார்?" என்று கேட்டார். ஒருவரும் விடை கூறவில்லை.

அன்னையார் மணமாகி இந்நகர் வந்த நாள் தொட்டுச் சவுக்கு விறகோடும் மரத்தூள் அடுப்போடும் போராடியவர். ஊதுகுழலைக் கீழே வைத்த பின்னும் இருமல் அவரை விடவில்லை. வீட்டினுள் விறகு, சாணம், கரி, மண்ணெண்ணெய் ஆகியவை எரிவதால் எழும் மாசு, 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 லட்சம் உயிர்களைக் கவர்ந்தது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் தோன்றிய அஸ்திரா என்னும் பிரிவு, புகையைக் குழாய்வழி வெளியேற்றும் 'அஸ்திரா ஒலே' என்ற அடுப்பை ஆக்கியதும் இத்தகைய அன்னையரை எண்ணியே அன்றோ!

சுவரை இடித்த கொத்தனார் ஒரு நாள் எங்களை அழைத்தார். காரைக்குப் பின்னே செங்கல்லாலான பழைய புகைக்கூண்டு முழுதாய் நின்றது. எரிவாயு வந்த ஆண்டில், இனிப் புகை ஏது என்று நாங்களே அதன் வாயைப் பலகைக்கல்லால் மூடியிருந்தோம். விறகுப் புகை போயிற்று. ஆனால் மிளகாய் தாளிக்கும் நெடியும் எண்ணெய் ஆவியும் வெளியேற வழியற்றுப் போயின. அன்னையார் இத்தனை ஆண்டுகளும் அதனுள் நின்றே எங்களுக்குச் சமைத்திருக்கிறார். வெட்கத்தால் எங்கள் தலை தாழ்ந்தது.

அன்றே வாதம் தீர்ந்தது. பழைய கூண்டைச் செப்பனிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசி, இயந்திரத்தை அதனுள் பொருத்தினோம். மகள் விரும்பிய அழகு அதில் வாய்த்தது; எண்ணெய் தங்கும் செதுக்கு வேலையும் இல்லை, தீயருகே மரமும் இல்லை. செங்கல்லின் உட்புறத்தில் பிசுக்குப் படிந்தால் தீப்பற்றக்கூடும் ஆதலின் உள்ளே உலோகக் குழாய் இறக்கினோம்.

தேர்வு செய்ய இருக்கும் அன்பர்களுக்கு நாங்கள் கற்றவற்றைக் கூறுவோம். புகைபோக்கி அடுப்பினும் அகலம் குறைந்ததாய் இருத்தலாகாது. இரண்டு எரிவாய் அடுப்புக்கு 60 செ.மீ., மூன்று நான்குக்கு 90 செ.மீ. பொருந்தும். அடுப்புக்கு மேல் 65 முதல் 75 செ.மீ. உயரத்தில் அமைப்பது வழக்கம். நீளம் 3 மீட்டர், அகலம் 2½, உயரம் 3 உள்ள எங்கள் அடுக்களையின் காற்று 22½ கன மீட்டர். மணிக்குப் பதினைந்து முறை அதனை மாற்றுவதாயின் ஏறத்தாழ 340 கன மீட்டர் போதும். எனினும் நம் தாளிப்புக்கும் வறுவலுக்கும், குழாயின் வளைவுகளால் குறையும் இழுப்புக்கும் ஈடாக அதனினும் மிகுதியான ஆற்றல் வேண்டும். குழாயற்ற வகை, கரி வடிகட்டியால் நெடியைச் சற்றுத் தணித்துக் காற்றை அறைக்குள்ளேயே திருப்பிவிடும். வெப்பமும் ஈரமும் அங்கேயே தங்கும். சன்னலைச் சிறிது திறந்து வையுங்கள். உள்ளே காற்று வராமல் வெளியே புகை போகாது. வடிகட்டியை மாதந்தோறும் கழுவுக. எங்கள் இல்லத்தில் அப்பணி இப்போது மகனுடையது.

குழாயின் வாய் அண்டை வீட்டுச் சன்னலை நோக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுடையது தெருப்பக்கம் திறக்கிறது. முதல் நாள் மாலையே எதிர்வீட்டுக் கன்னட அம்மையார் வந்து, "இன்று மோர்மிளகாயா?" என்று வினவினார். அன்னையார் இருமாமல் சிரித்து, ஒரு கிண்ணத்தில் நான்கு எடுத்துக் கொடுத்தனுப்பினார்.