துலாக்கோலும் நீரும்

நிலம், நீர், தீ, காற்று என்னும் நான்கே உலகப் பொருள்கள் யாவற்றிற்கும் மூலம் எனப் பண்டைக் கிரேக்க அறிஞர் பலர் கொண்டனர். வானத்தையும் கூட்டி ஐம்பூதம் என்பது தமிழ் நூலோர் மரபு. இவற்றுள் நீரை ஐயுறுதற்கு நெடுங்காலம் காரணமே தோன்றவில்லை. கடல்நீரைக் காய்ச்சினால் உப்பு அடியில் தங்க, ஆவி மேலே செல்கின்றது. ஆதலின் கடல்நீர் ஒரு கலவை என்பது எளிதில் விளங்கும். அவ்வாவியைக் குளிரச் செய்தாலோ மீண்டும் நீரே கிடைக்கின்றது. எத்துணை முறை காய்ச்சினும் நீர் நீராகவே நின்றது.

நெடுநாள் கொதித்த நீர் மண்ணாக மாறும் என நம்பினோரும் இருந்தனர். கண்ணாடிக் கலத்தின் அடியில் சிறிது மண் படிவதை அவர்கள் கண்ணாரக் கண்டனர். ஆதலின் அவர்களை எள்ளுதல் முறையன்று. 1768-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து இளைஞர் லவாய்சியர், கலத்தையும் நீரையும் தனித்தனியே நிறுத்து, கலத்தின் வாயை அடைத்து, 101 நாள் காய்ச்சினார். பின்னர் நிறுத்துப் பார்க்கையில் நீரின் எடை குறையவில்லை. கலத்தின் எடையே குறைந்திருந்தது. மண் கண்ணாடியினின்று கரைந்து வந்ததேயன்றி நீரினின்று பிறந்ததன்று.

1781-இல் இங்கிலாந்தில் காவண்டிஷ் என்பார், எளிதில் தீப்பற்றும் வாயு ஒன்றைக் காற்றொடு கலந்து மின்பொறியால் வெடிக்கச் செய்தார். கலத்தின் உட்புறத்தே பனிபோலத் துளிகள் படிந்தன. அவை தூய நீரே. எனினும் பழைய கொள்கையில் ஊறிய அவர், நீர் அவ்வாயுக்களுள் முன்னரே ஒருவாறு அடங்கியிருந்தது என்னும் கருத்தை விட்டாரல்லர். கையில் வந்த உண்மை நழுவியது!

1783-இல் இச்செய்தியைக் கேள்வியுற்ற லவாய்சியர், அச்சோதனையைத் தாமும் செய்து, நீர் தனிமம் அன்று என்று துணிந்தார். கூட்டிக் காட்டினால் மட்டும் போதுமா? பிரித்தும் காட்டல் வேண்டுமன்றோ? செஞ்சூடாகக் காய்ந்த இரும்புத் துப்பாக்கிக் குழலினூடே நீராவியைச் செலுத்தினார். இரும்பு ஆக்ஸிஜனைப் பற்றிக்கொண்டு எடை மிகுந்தது. மறுமுனையில் ஹைட்ரஜன் வெளிப்பட்டது. ஹைட்ரஜன் என்னும் பெயருக்கே நீரைப் பிறப்பிப்பது என்பதுதான் பொருள்.

உப்பும் நீரும் கலந்த கலவையில் உப்பைக் கூட்டலாம், குறைக்கலாம்; உப்பின் சுவையும் மாறுவதில்லை. சேர்மத்தின் இயல்பு வேறு. 9 கிராம் நீரில் ஏறத்தாழ 1 கிராம் ஹைட்ரஜனும் 8 கிராம் ஆக்ஸிஜனும் உள. இவ்வளவு எங்கும் மாறாது. ஹைட்ரஜன் எரியும், ஆக்ஸிஜன் எரிதலுக்குத் துணை நிற்கும், இரண்டும் கூடிப் பிறந்த நீரோ தீயை அவிக்கும்.

1789-இல் வெளியிட்ட நூலில் லவாய்சியர் தனிமங்கள் என 33 பொருள்களை வரிசைப்படுத்தினார். மேலும் பிரிக்க இயலாதது எதுவோ அதுவே தனிமம் என்பது அவர் கொண்ட இலக்கணம். ஒளியும் வெப்பமும்கூட அவ்வரிசையில் இடம்பெற்றன. அவை பொருள்களே அல்ல என்பது பின்னர்த் தெளிந்தது. இன்று அறிஞர் ஏற்ற தனிமங்கள் 118. சுண்ணாம்பையும் வரிசையில் சேர்த்த லவாய்சியர், அது நெடுநாள் அங்கு நில்லாது என்ற ஐயத்தையும் உடன் எழுதி வைத்தார். அரசுக்காக வரி தண்டும் குழுவில் இருந்தமையால், பிரெஞ்சுப் புரட்சியின்போது 1794-இல் அவர் கொலைத்தண்டனைக்கு உள்ளானார். 1808-இல் ஹம்ப்ரி டேவி மின்னோட்டத்தின் துணையால் சுண்ணாம்பினின்று கால்சியம் என்னும் உலோகத்தைப் பிரித்தெடுத்தார்.