வெயில் கொடுத்த சம்பள உயர்வு

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஒயிட் ரிவர் ஆற்றங்கரையில் இருக்கிறது பேட்ஸ்வில். மக்கள்தொகை சுமார் 11 ஆயிரம். மாநிலத்தின் மிகப் பழைய ஊர்களில் ஒன்று. கோழி இறைச்சித் தொழில் இங்கே பலருக்குச் சோறு போடுகிறது. சுற்றுலாப் பட்டியலில் பெரிதாக இடம்பெறாத இந்தச் சிற்றூரின் பெயர் நாடு முழுக்கப் பேசப்பட்டதற்குக் காரணம், அரசுப் பள்ளிகளின் கரன்ட் பில்!

பேட்ஸ்வில் பள்ளி மாவட்டத்தில் படிப்பவர்கள் 3 ஆயிரம் பேருக்கு மேல். ஒரு காலத்தில் விளக்கு, ஏசி, ஹீட்டர் என்று வருடத்துக்கு 6 லட்சம் டாலருக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. பட்ஜெட்டிலோ 2.5 லட்சம் டாலர் துண்டு விழுந்தது. ஆசிரியர் சம்பளமும் குறைவு. கூடுதல் சம்பளம் கிடைக்கும் இடத்தைப் பார்த்துப் போகிறவர்களை எப்படித் தடுப்பது? நல்ல ஆசிரியர் போனால் நஷ்டம் பிள்ளைகளுக்குத்தானே?

2017-ல் பள்ளிக் கட்டடங்களில் எரிசக்தித் தணிக்கை நடந்தது. எங்கெல்லாம் மின்சாரம் வீணாகிறது என்று அலசினார்கள். உயர்நிலைப் பள்ளியை ஒட்டி, யாருக்கும் பயன்படாமல் ஒரு நிலம் கிடந்ததும் கண்ணில் பட்டது. மொத்தமாகச் சரிசெய்தால் 20 வருடங்களில் 24 லட்சம் டாலர் மிச்சமாகும் என்றது கணக்கு.

கடன் பத்திரம் மூலம் பணம் திரட்டி வேலையில் இறங்கினார்கள். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை அல்லவா? அதனால் பழைய விளக்குகளை மாற்றி எல்.இ.டி. பொருத்தினார்கள். ஜன்னல்களைச் சீராக்கினார்கள். குளிரூட்டும், சூடாக்கும் கருவிகளுக்குப் புதிய கட்டுப்பாடுகள் வந்தன. சும்மா கிடந்த நிலத்தில் 1,483 சோலார் பேனல்கள் எழுந்தன.

பள்ளிக்கும் சூரியனுக்கும் நல்ல பொருத்தம். வகுப்பு நடப்பது பகலில், மின்சாரம் கிடைப்பதும் பகலில். கோடை விடுமுறையில் கட்டடங்கள் பெரும்பாலும் காலியாக இருக்கும்போது வெயில் உச்சத்தில் இருக்கும். அப்போது மிஞ்சுகிற மின்சாரம் பொது மின்கட்டமைப்புக்குப் போய், பில்லில் வரவாகிறது.

மூன்றே வருடங்களில் பற்றாக்குறை பட்ஜெட், 18 லட்சம் டாலர் உபரியாக மாறியது. அதில் பெரும்பங்கு ஆசிரியர்களுக்குப் போனது. சராசரியாக ஒருவருக்கு 2 ஆயிரம் முதல் 3 ஆயிரம் டாலர் வரை சம்பளம் கூடியது. இதைப் பார்த்து மாநிலத்தின் வேறு பல பள்ளி மாவட்டங்களும் சூரிய மின்சாரத்துக்கு மாறத் தொடங்கின.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பேட்ஸ்வில் இருக்கும் அதே இண்டிபெண்டன்ஸ் கவுன்ட்டியில், நியூவார்க் என்ற ஊர் அருகே ஒரு பெரிய அனல் மின்நிலையம் 1980-களிலிருந்து இயங்கிவருகிறது. அதற்கான நிலக்கரி தொலைதூர வயோமிங் மாநிலத்திலிருந்து ரயிலில் வருகிறது. பள்ளி மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு யூனிட்டும், இப்படிப்பட்ட நிலையங்கள் எரிக்க வேண்டிய கரியைக் குறைக்கிறது. காற்றில் கலக்கும் கரியமில வாயுவும் அந்த அளவுக்குக் குறைகிறது.